தானம் கொடுத்த அக்கோடியன்

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜேர்சி
செப்டெம்பர் 3, 2024

மச்சாள்,

நீங்கள் ஃபோன் எடுக்காதபடியால் எழுதுகிறேன். எப்போது அடித்தாலும் உங்கள் மகன் அபிராம்தான் எடுக்கிறான். "மாமி, அம்மா குளிக்கிறா" என்கிறான். காலையிலும் குளியல், மத்தியானமும் குளியல். டெக்சாஸில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை என்று அறிந்து சந்தோஷம்.

நேரே கேட்கிறேன். இவர் வாசித்த அக்கோடியனை, இவருடைய அந்தியேட்டிச் சடங்கு அன்று ஐயருக்குத் தானம் கொடுக்கச் சொல்லி உங்களிடம் கேட்டது யார்?

முப்பத்தோராம் நாள் நான் கராஜில் வந்த சனத்துக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டு நின்றேன். மேலே ஹோலில் ஐயர் தானம் வாங்கினார். குடை, செருப்பு, பாய், தலையணை, செம்பு, வேட்டி எல்லாம் நானும் நிருஜாவும் ஐசலினில் கடை கடையாக ஏறி வாங்கி அடுக்கி வைத்தவை. அந்த வரிசையின் கடைசியில், இவருடைய அறைக்குள் போய் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தது நீங்கள். அபிராம் எள்ளும் தண்ணீரும் விட்டான். அவன் பாவம். நீங்கள் கை காட்டியதற்கெல்லாம் விடுவான். வரிசையில் நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கும் சேர்த்து விட்டிருப்பான்.

அடுத்த நாள் நிருஜா வாசித்துப் பழக வந்தாள். அறைக்குள் போனவள் வெளியே வந்து, "அம்மா, வேர் இஸ் அப்பாஸ் பொக்ஸ்?" என்றாள். வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் அபிராம்தான் ஃபோனில் சொன்னான்.

உங்களுக்கு விளங்காது, இருந்தாலும் எழுதுகிறேன். நவம்பர் 23ஆம் திகதி கேர்னியில் ஸ்கொட்லாந்துக்காரரின் வருடாந்த நடன விருந்து. அந்தக் காலத்தில் நூல் ஆலைகளில் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்துவது. முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே இவருடைய குழுதான் வாசிக்கிறது. இந்த வருடம் அப்பாவின் கதிரையில் நிருஜா இருந்து வாசிக்க வேண்டும் என்று, குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிற டங்கன் கேட்டிருக்கிறார். அவள் வாசித்தால் குழு இவர் பெயரிலேயே நடக்கும். இல்லையென்றால் பொஸ்டனிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள், இவர் பெயர் அத்தோடு சரி.

கடைகளில் கிடைப்பது பியானோக் கட்டை வைத்த அக்கோடியன். இது மூன்று வரிசைப் பொத்தான். இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் இன்னொரு சுரம். நிருஜாவின் விரலுக்கு இது மட்டும்தான் தெரியும். அமெரிக்காவில் இன்னொன்று தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை.

கொடுத்தவர் நீங்கள். நீங்களே ஐயரிடம் கேட்டு வாங்கித் தாருங்கள்.

பத்மராணி


ஷுகர்லாண்ட், டெக்சாஸ்
செப்டெம்பர் 11, 2024

அன்புள்ள பத்மாவுக்கு,

"அன்புள்ள" என்று எழுத உமக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், கை தானாக எழுதுகிறது.

தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. உங்கள் பக்கத்தில் உண்டோ தெரியாது.

எதற்காகத் தானம் கொடுக்கிறோம்? போகிற வழியில் போகிறவனுக்கு உதவட்டும் என்றுதானே. நீர் குடை வாங்கி வைத்தீர். என் தம்பி நவம் வெயிலுக்குக் குடை பிடித்து எப்போதாவது பார்த்தீரா? மழைக்கே பிடிக்க மாட்டான், ஸ்கொட்லாந்தில் நனைந்து நனைந்து அவனுக்கு அது மறந்துபோனது. பாய் வைத்தீர். அமெரிக்காவுக்கு வந்த நாள் தொட்டு அவன் பாயில் படுத்தானா? ஐம்பது வருடம் அவன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரிந்தது அந்தப் பெட்டி ஒன்றைத்தான். அதை வீட்டில் வைத்துக்கொண்டு, பாவிக்காத குடையையும் பாயையும் அவன் தலையில் கட்டி அனுப்பப் பார்த்தீர். அக்கா என்று ஒருத்தி பக்கத்தில் நின்றபடியால் ஒழுங்காகப் போனான்.

அந்தப் பெட்டியில் எனக்கு ஆசை என்று நினைக்க வேண்டாம். அதைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். நான் தேவாரம் பாட ஹார்மோனியம் பிடித்த பிள்ளை அவன். நெசவுப் பொறியியல் படிக்கவென்று ஸ்கொட்லாந்தில் டண்டீக்கு அனுப்பினோம். இருந்த வீட்டுக்காரக் கிழவி, செத்துப்போன தன் புருஷனின் பெட்டியை அலுமாரியிலிருந்து எடுத்து இவன் மடியில் வைத்தாளாம். அன்றைக்கு அவள் மடியில் வைத்தாள், அதற்குப் பிறகு எங்களுக்குத் தம்பி இல்லை.

அம்மா செத்த கிழமை அவன் எங்கே நின்றான் என்று உமக்கு நினைவிருக்கும். எனக்குப் படமே வந்தது. பின்னால் திகதி அடித்த படம். அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் பாவாடை கட்டிக்கொண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பெற்றவளுக்கு வைத்த நெருப்பு ஆற முன்னம்.

நிருஜாவுக்கு வேறு பெட்டி வாங்கிக் கொடும். அல்லது வேறு வேலை பார்க்கச் சொல்லும்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி


பிரிட்ஜ்வாட்டர்
செப்டெம்பர் 20, 2024

மச்சாள்,

குடையைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. மற்றதெல்லாம் பிழை.

எடிசனில் ஐயர் வீட்டுக்கு நானே கார் ஓட்டிப் போனேன். சின்ன அப்பார்ட்மென்ட். ஊரில் இருக்கிற சனம் முழுக்கக் கொடுத்த குடையும் பாயும் தலையணையும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. பெட்டி குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மூலையில் இருந்தது, அதற்கு மேல் ஒரு அரிசி மூட்டை. நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"எள்ளும் தண்ணியும் விட்டுத் தந்தது, அம்மா. நானாத் திருப்பித் தந்தா அது உங்கட அவருக்குப் போய்ச் சேராது. பிறகு பாவம் என்ர தலையில" என்றார்.

"அப்ப என்னதான் வழி, ஐயா?"

"குடுத்தவ தன்ர வாயால, மனமொத்துக் குடுக்கேல்லை எண்டு சொல்ல வேணும். மனமில்லாமல் குடுத்தது தானமே இல்லை, சாமான் வீட்ட போகலாம். அல்லாட்டி உடமைக்காரி நீங்கள், இது களவாக எடுத்தது எண்டு சொல்லுங்கோ. ரெண்டில ஒண்டு நடந்தா நான் இப்பவே காரில ஏத்தி விடுறன்."

ஐயரும் பாவம். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை. ஃபோன் எடுத்து, "எரிச்சலில் கொடுத்தேன்" என்று சொல்லுங்கள். உண்மைதானே. ஃபியூனரல் ஹோமுக்குக் குழு முழுவதும் வந்து, ஒரேயொரு மெட்டு வாசிக்கட்டுமா என்று கேட்டபோது, "இது சைவச் சடங்கு, கூத்து மேடை இல்லை" என்று வாசலிலேயே நிற்பாட்டியது நீங்கள். டங்கன் எழுபது வயதில் காரின் பின்பக்கம் போய் நின்று அழுதார்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். மாமி கண் மூடியது 95ஆம் ஆண்டு, சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பள்ளிக்கூடங்களில் கிடந்த மாதம். கொழும்பில் இருந்த நீங்களே போய்ச் சேர முடியாத இடத்துக்கு நியூ ஜேர்சியிலிருந்து இவர் எப்படிப் போவார்? செய்தி வந்தது மத்தியானம். பின்னேரம் கேர்னியில் நடனம். போக வேண்டாம் என்று நான்தான் மறித்தேன். "இஞ்ச இருந்து சுவரைப் பாக்கச் சொல்லுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சிரிப்பு என்று நினைத்தது சிரிப்பில்லை. பெட்டியை இழுக்கும்போது இவர் முகம் அப்படித்தான் போகும், வயிற்றுக்குத்து வந்த ஆள் மாதிரி.

அந்தச் சங்கீதத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது மெட்டுக் கட்டினால் யாராவது ஒரு மனிதரின் பெயரை அதற்கு வைப்பார்கள். இவர் தபால்காரருக்கு ஒன்று வைத்தார். பல் டாக்டருக்கு ஒன்று. டங்கனின் நாய்க்கும் ஒன்று. எனக்கு வைத்தது "பத்மாவின் குசினி". படுவேகமான மெட்டு, எனக்குப் பிடிக்காது. அந்த மாரியில் இவர் கட்டியது மெதுவாக ஆடுகிற ஒரு மெட்டு. அதற்கு "செல்லம்மா" என்று மாமியின் பெயரை வைத்தார். இவர் கட்டியதில் ஸ்கொட்லாந்து வரைக்கும் போனது அது ஒன்றுதான். இன்றைக்கும் அங்கே ஆடுகிறார்கள். நீங்கள் கேட்டதுமில்லை, இவர் சொன்னதுமில்லை.

ஃபோன் எடுங்கள்.

பத்மராணி


ஷுகர்லாண்ட்
ஒக்டோபர் 1, 2024

அன்புள்ள பத்மாவுக்கு,

அம்மாவின் பெயரைச் சொல்லி வெள்ளைக்காரர் கைகோத்து ஆடுகிறார்களா? இதைப் பெருமை என்று எழுதியிருக்கிறீர். கோயில் வீதியிலே நிமிர்ந்து பார்க்காமல் நடந்த மனுசி அவ. தபால்காரருக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. நல்ல வரிசை. நாய்க்கு முதல் வைத்தானா, அம்மாவுக்கு முதல் வைத்தானா என்பதையும் எழுதியிருக்கலாம். எனக்கு ஒன்று இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

நீர் சொன்னபடி ஐயருக்குச் சொல்ல மாட்டேன். நான் மனமொத்துத்தான் கொடுத்தேன்.

எனக்கு அந்தப் பெட்டி பிடிக்காது என்பது வேறு கதை. பாகற்காய் வாயில் வைக்க முடியாதவள், செத்த புருஷனுக்குப் பிடிக்கும் என்று பாகற்காய் சமைத்துப் படைப்பதில்லையா? அவளுக்குப் பிடிக்காது என்பதற்காக அந்தப் படையல் பொய்யா? அந்தப் பெட்டியை அறையிலிருந்து தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. இவ்வளவு பாரத்தையா இந்தப் பிள்ளை ஐம்பது வருடம் சுமந்தான் என்று நினைத்துக்கொண்டுதான் தூக்கினேன். வழியில் அவனுக்கு அது வேண்டும் என்று நினைத்துத்தான் வைத்தேன். என் வாழ்நாளில் இதைப்போல முழு மனதோடு நான் எதையும் கொடுத்ததில்லை. அதை இல்லையென்று சொல்லச் சொல்கிறீர்.

ஃபியூனரல் ஹோமில் நிற்பாட்டியது நான்தான். இன்னொரு முறை வந்தாலும் நிற்பாட்டுவேன்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி


பிரிட்ஜ்வாட்டர்
ஒக்டோபர் 12, 2024

மச்சாள்,

கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியபடியால் பதில் சொல்கிறேன். உங்கள் பெயரில் ஒரு மெட்டும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

உங்கள் முழு மனது உங்களோடு இருக்கட்டும். அடுத்தவளின் பொருளை முழு மனதோடு கொடுப்பதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு, தமிழ் டீச்சருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவருக்கு வழியில் அது வேண்டும் என்கிறீர்கள். இவருக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள், ஒரேயொரு நாள், இவர் வாசிப்பதை வந்து இருந்து கேட்டிருக்கிறீர்களா? தொடக்கத்தில் கேர்னிக் கிழவர்களும் உங்களைப் போலத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள், "எங்கட பாட்டை இந்தியன் வாசிக்கிறானோ" என்று. மற்றவர்கள் கட்டையைப் பார்த்து வாசிப்பார்கள். இவர் ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்து வாசிப்பார். கிழவி ஒருத்தி களைத்துவிட்டால் அவளுக்குத் தெரியாமலே பாட்டின் வேகத்தை அவளுக்காகத் தாங்கிப் பிடிப்பார். இரண்டு வருடத்தில் அதே கிழவர்கள், இவர் பெயரை நவ் என்று சுருக்கி, நவ் வராவிட்டால் நாங்கள் ஆட மாட்டோம் என்று நின்றார்கள். நிருஜா அப்படித்தான் வாசிக்கிறாள், காலைப் பார்த்து. இப்போது வெறும் மேசையில் விரல் வைத்துப் பழகுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் இந்த வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறேன்.

ஒக்டோபர் 25, வெள்ளிக்கிழமை பூசைக்குப் போவேன். என்னுடைய பொருளை என் மச்சாள் களவாக எடுத்துக் கொடுத்தாள் என்று ஐயருக்குச் சொல்வேன். வெள்ளிக்கிழமைக் கோயிலில் யார் யார் நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் சம்பந்தி வீட்டுக்காரரும் நிற்பார்கள்.

பத்மராணி


ஷுகர்லாண்ட்
ஒக்டோபர் 28, 2024

அன்புள்ள பத்மாவுக்கு,

நீர் வெள்ளிக்கிழமை சொல்ல முன்னம் வியாழக்கிழமையே நான் ஐயருக்கு ஃபோன் எடுத்துவிட்டேன். உம்முடைய வெருட்டலுக்குப் பயந்தல்ல. சம்பந்தி வீட்டுக்காரர் என்னைப் பற்றி நினைப்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

அபிராம் தன் கம்ப்யூட்டரில் அந்தச் "செல்லம்மா"வைத் தேடி எடுத்தான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் எடுத்தான். ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு ஊர் மண்டபம். யாரோ ஒரு பெண் வாசிக்கிறாள். தொடங்க முன்னம் அவள் அம்மாவின் பெயரைச் சொன்னாள். "செலமா" என்றாள். பக்கத்தில் நின்று திருத்த அவளுக்கு ஆள் இல்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது, ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகக் குனிந்தார்கள். ஆட முன்னம் அவர்கள் தங்களுக்குள் அப்படிச் செய்வது வழக்கம் என்று அபிராம் சொன்னான். எனக்கு அது அம்மாவுக்குச் செய்ததாகத்தான் பட்டது. சாவகச்சேரியில் அம்மா கிடந்தபோது காலடியில் குனிய நாங்கள் ஒருவரும் இருக்கவில்லை, பத்மா. பெற்ற பிள்ளைகளில் ஒருவரும் இருக்கவில்லை.

அபிராமை இன்னொருமுறை போடச் சொன்னேன். பாட்டு நன்றாக இருக்கிறது என்று நான் எழுதவில்லை.

ஐயரிடம், "எரிச்சலில குடுத்தனான், மனமொத்துக் குடுக்கேல்லை" என்றேன். "சரி அம்மா, அப்ப அது தானமில்லை" என்றார். அவ்வளவுதான். பொய் சொல்வது இவ்வளவு லேசு என்று தெரியாமல் எழுபத்தைந்து வயது வரைக்கும் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

பொய்தான். போன கடிதத்தில் எழுதியதுதான் உண்மை. முழு மனதோடு கொடுத்ததை, கொடுக்கவில்லை என்று சாமிக்கு முன்னால் நிற்கிற மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது பெட்டி உம்முடைய வீட்டுக்கு வந்திருக்கும். என் தம்பி அங்கே வெறுங்கையோடு, ஒருநாளும் பிடிக்காத குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நிருஜா வாசிக்கட்டும். அவள் வாசிக்கிற நேரம் முழுக்க நீர் இதை நினைத்துக்கொண்டு இரும்.

நன்றி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி


பிரிட்ஜ்வாட்டர்
டிசம்பர் 3, 2024

மச்சாள்,

நன்றி எழுதவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். நீங்கள் ஃபோன் எடுத்தது எனக்கு அப்போது தெரியாது. அர்ச்சனைத் தட்டோடு ஐயருக்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களில் இரக்கப்பட்டு இல்லை. உங்களைக் கள்ளி என்றால் இவர் கள்ளியின் தம்பியாகிவிடுவார், அதற்கு மனம் வரவில்லை. காருக்கு வந்த பிறகு ஐயரே பின்னால் ஓடிவந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

23ஆம் திகதி நிருஜா வாசித்தாள். முதல் நடனம் அவளுடைய பதற்றத்தில் ஓட்டம் ஓட்டமாகப் போனது. ஆடுகிறவர்கள் மூச்சு வாங்கினார்கள், டங்கன் அவளைப் பார்த்து, மெதுவாக என்று தலையை ஆட்டினார். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது தொடங்கும்போது அவள் தன் கைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கால்களைப் பார்க்கத் தொடங்கினாள். பிறகு மண்டபத்தில் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை, எல்லாரும் ஆட எழும்பிவிட்டார்கள். வருகிற வருடமும் இதே குழுதான் என்று கமிட்டி அங்கேயே சொல்லிவிட்டது. இவர் பெயரில்.

எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து, எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் உங்களுக்கு என்றார்கள். மச்சாள், எனக்கு ஒரு மெட்டும் காதில் ஏறவில்லை. நிருஜா பெட்டியை இழுக்க இழுக்க, இவர் எங்கேயோ ஒரு ரோட்டில் குடையோடு நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது. பெட்டியோடு சேர்த்து நீங்கள் எனக்கு அனுப்பியது இதைத்தான். கெட்டிக்காரி நீங்கள். பழிவாங்க இதைவிட நல்ல வழி ஒருவருக்கும் வந்திருக்காது.

நாற்பது வருடம் இவரோடு இருந்தேன். இவருக்கு இப்போது என்ன தேவை என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். ஆனால் இவர் வாசித்து நீங்கள் கேட்டதே இல்லை. நான் கேட்டேன், எனக்கு இந்தத் தானம் திவசம் விளங்காது. இப்படி ஆளுக்கு அரைவாசியை வைத்துக்கொண்டு சண்டை பிடித்து என்ன செய்வது?

ஜூலையில் வருடம் முடிந்து ஆட்டைத் திவசம். ஐயரைக் கேட்டேன், விட்டுப்போன தானத்தை அன்றைக்குக் கொடுக்கலாமாம். வாருங்கள். என்னோடு கதைக்க வேண்டாம், நானும் கதைக்கப் போவதில்லை. நிருஜாவை ஹோலில் இருத்தி வாசிக்கச் சொல்கிறேன். நீங்கள் முன்னால் இருந்து முழுக்கக் கேளுங்கள். கேட்டு முடிந்த பிறகும் அந்தப் பெட்டி இவரிடம்தான் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அவள் மடியிலிருந்து நீங்களே எடுத்து ஐயரிடம் கொடுங்கள். நான் மறிக்க மாட்டேன்.

பத்மராணி